ஏழாம் வினாவுக்கு எத்தனை விடைகள்

1974 ஆம் ஆண்டு மே மாதம் 11 ஆம் திகதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, திருகோணமலை உட்துறைமுக வீதியில் உள்ள எங்கள் கல்விச் சங்கத்தின் மண்டபத்தில், கிண்ணியாவிலுள்ள பெண்கள் பாடசாலை ஒன்றுக்கு விஞ்ஞான ஆசிரியை ஒருவரைத் தெரிவதற்கான எழுத்துப் பரீட்சை நடைபெற்றது. அரசாங்கம் ஒருவரை அனுப்பும்வரை அந்தப் பதவியைச் சங்கமே பொறுப்பேற்று நடத்துவது என்பது ஏற்பாடு. பதவி ஒன்று. பரீட்சைக்கு வந்தவர்கள் இருவர்: தம்பலகாமத்தைச் சேர்ந்த செல்வி கமலாதேவி, கிண்ணியாவைச் சேர்ந்த செல்வி நஜ்முன் நிஸா. தெரிவுக் குழுவில் மூவர் இருந்தோம். தலைவி நான். செயலாளர் திரு. யோகலிங்கம், துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர். மூன்றாமவர் திரு. தம்பிராசா, இரசாயனம் அறிந்தவர் எங்களுள் அவர் ஒருவரே.

நிஸா அதே பாடசாலையில் இரண்டு ஆண்டுகளாகச் சம்பளமின்றிக் கற்பித்து வந்தவர். விண்ணப்பத்துடன் தனித்தாளில் ஒரு கடிதமும் இணைத்திருந்தார். இந்தப் பதவி கிடைக்காவிட்டால் மே மாதத்துடன் படிப்பிப்பதை நிறுத்திவிடுவதாகத் தம் வீட்டாருக்கு வாக்குக் கொடுத்திருப்பதாகவும், இனி ஒரு தவணை கேட்கத் தம்மால் இயலாது எனவும் அதில் எழுதியிருந்தார். விண்ணப்பப் படிவம் கேளாத செய்தி அது. ஆகவே, அதைத் தனியாகக் கோவைப்படுத்தி வைத்தேன், ஆனால் மறக்கவில்லை.

பரீட்சைக்கு மூன்று வாரங்களுக்கு முன்னர் தம்பிராசா இரசாயன வினாக்களைக் கையால் எழுதி என்னிடம் ஒப்படைத்துவிட்டுக் கண் சத்திரசிகிச்சைக்காகக் கண்டிக்குப் போய்விட்டார். விடைக்குறிப்பு எழுத அவருக்கு நேரம் இருக்கவில்லை. வினாக்களை ஒழுங்குபடுத்தித் தட்டச்சுக்குக் கொடுத்ததும் விடைக்குறிப்பு எழுதியதும் நானே. முப்பத்தொரு ஆண்டுகள் தமிழும் எண்கணிதமும் கற்பித்தவள் நான். இரசாயனம் படித்ததில்லை. எனினும் சமன்பாட்டைச் சமப்படுத்தும் முறையைப் பாடநூலைக் கொண்டு மூன்று பிற்பகல்களில் கற்றுக்கொண்டேன். அம்புக்குறிக்கு இடப்பக்கத்தில் எத்தனை அணுக்கள் உண்டோ, வலப்பக்கத்திலும் அத்தனை இருக்க வேண்டும். ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பொருள் சிதைந்து வேறு பொருள்களாகப் பிரிந்தாலும் கணக்குச் சிதையாது என்று அந்த நூலில் எழுதியிருந்தது. ஒரு துறையைப் பற்றி இவ்வளவு தெளிவான வாக்கியத்தை நான் அதற்கு முன் வாசித்ததில்லை.

ஏழாம் வினா பின்வருமாறு அமைந்திருந்தது: பொற்றாசியம் குளோரேற்றை வெப்பமேற்றும்போது பொற்றாசியம் குளோரைட்டு, பொற்றாசியம் பரகுளோரேற்று, ஒட்சிசன் ஆகியன உண்டாகின்றன. இப்பிரிகைக்குரிய சமன்பாட்டைச் சமப்படுத்துக. பத்துப் புள்ளிகள்.

KClO₃ → KCl + KClO₄ + O₂

இதற்கு விடை காண எனக்கு ஐந்து நிமிடமும் செல்லவில்லை. இடப்பக்கத்தில் ஓர் இரண்டை இட்டேன். வலப்பக்கத்தில் எதையும் மாற்றவேண்டி வரவில்லை. இரண்டு பொற்றாசியத்துக்கு இரண்டு. இரண்டு குளோரீனுக்கு இரண்டு. ஆறு ஒட்சிசனுக்கு நான்கும் இரண்டுமாக ஆறு. இரண்டு, ஒன்று, ஒன்று, ஒன்று. அந்த விடையின் அழகில் எனக்கு ஒரு மகிழ்ச்சிகூட உண்டாயிற்று.

கமலாதேவி அதே விடையை எழுதியிருந்தார். பத்துப் புள்ளிகள் இட்டேன். நிஸாவும் அதே விடையை எழுதியிருந்தார். ஆனால், அதன் கீழே இன்னொன்றும் எழுதியிருந்தார்: நான்கு, மூன்று, ஒன்று, நான்கு. அதற்கும் கீழே, அடிக்கோடிட்டு, "வேறும் உண்டு" என்று இரண்டு சொற்கள்.

ஒரு வினாவுக்கு ஒரு விடையே எழுதப்பட வேண்டும் என்பது வினாத்தாளின் முகப்பில் அச்சாகியிருந்த மூன்றாம் விதி. இரண்டு எழுதி, இன்னும் இருக்கின்றன என்று எழுதுவது விடையறியாதவர் கண்ணை மூடிக்கொண்டு வலை வீசுவதற்குச் சமம் என்று கருதினேன். புள்ளி இடவில்லை. மொத்தத்தில் கமலாதேவிக்கு எழுபத்து நான்கு, நிஸாவுக்கு அறுபத்தெட்டு. மே 20 ஆம் திகதி, திங்கட்கிழமை, வினாவாரியான புள்ளிகளுடன் இருவருக்கும் கடிதங்கள் தபாலிடப்பட்டன.

மே 25 ஆம் திகதி காலை ஒன்பதரை மணியளவில் நிஸா தம் தமையனார் லாபிருடன் என் வீட்டுக்கு வந்தார். லாபிர் கருவாட்டு வியாபாரி. இருவரும் கிண்ணியாத் துறையில் முதற்பாதையில் ஏறி வந்திருந்தார்கள். ஆட்களையும் வாகனங்களையும் ஒன்றாக ஏற்றிக் கயிற்றால் இழுத்துக் கரை சேர்க்கும் அந்த மிதவையைத்தான் எங்கள் பகுதியில் பாதை என்போம். கதிரைகளைக் காட்டினேன். லாபிர் அமர்ந்தார், நிஸா அமரவில்லை.

"ரீச்சர், நான் புள்ளி கேட்டு வரல்ல. ஏழாவது கேள்வியில எது பிழையெண்டு கேட்டுப் போகத்தான் வந்தனான்."

"வினாத்தாளில மூண்டாவது விதி என்ன, பிள்ளை? வாசிச்சனீங்களா?"

"வாசிச்சன். ஒரு விடைதான் எழுத வேணும்."

"அப்ப ஏன் ரெண்டு எழுதினனீங்க?"

"ஒண்டு எழுதினா அது பொய்யாப் போயிரும் ரீச்சர். இதுதான் விடை எண்டு சொன்ன மாதிரி ஆயிரும்."

லாபிர் இடையே புகுந்தார். "ரீச்சர், கடிதம் வந்த நாளில இருந்து எங்கட வீட்டில இதே கதைதான். குசினியில அவிச்சு வச்ச முட்டையெல்லாத்தையும் எடுத்துப் பரப்பி எனக்குக் கணக்குக் காட்டுறா. எனக்குக் கணக்கும் விளங்கல்ல, தின்ன முட்டையும் கிடைக்கல்ல."

"நானா, கொஞ்சம் சும்மா இருங்களன்" என்று தமையனாரை அடக்கிய நிஸா என்னைப் பார்த்து, "பொத்தான் ஏதும் இருக்கா ரீச்சர்?" என்று கேட்டார்.

தையற்பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். கறுப்புப் பொத்தான்களைப் பொற்றாசியம் என்றும், வெள்ளைப் பொத்தான்களைக் குளோரீன் என்றும், சட்டைகளுக்குத் தைக்கும் சிறிய நீலப் பொத்தான்களை ஒட்சிசன் என்றும் வைத்துக்கொண்டார். ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை, மூன்று நீலம் சேர்ந்தது ஒரு குளோரேற்று. அவ்வாறு நான்கு கூட்டங்களை அமைத்தார்.

"இது நாலு குளோரேற்று. இப்ப நான் முதல் எழுதின விடைப்படி பிரிக்கிறன். ரெண்டுக்கு ஒண்டு எண்டா நாலுக்கு ரெண்டுதானே?"

நான்கு கூட்டங்களையும் கலைத்து, இரண்டு குளோரைட்டு, இரண்டு பரகுளோரேற்று, இரண்டு சோடி ஒட்சிசன் என அடுக்கினார். மேசையில் ஒரு பொத்தானும் மிஞ்சவில்லை.

"சரியா ரீச்சர்?"

"சரி."

எல்லாவற்றையும் மீண்டும் கலைத்தார். இம்முறை மூன்று குளோரைட்டு, ஒரே ஒரு பரகுளோரேற்று, நான்கு சோடி ஒட்சிசன் என அடுக்கினார். இம்முறையும் ஒரு பொத்தானும் மிஞ்சவில்லை. ஒன்றும் போதாமற் போகவுமில்லை. நான் ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினேன். கறுப்பு நான்கு, வெள்ளை நான்கு, நீலம் பன்னிரண்டு. சற்று முன்னர் இருந்தனவும் அவையே.

"சமன்பாட்டில மிகச் சிறிய முழு எண்களைத்தான் இட வேணும். பாடநூல் அப்பிடித்தான் சொல்லுது" என்றேன். "உங்கட ரெண்டாவது விடையில பெரிய எண்கள் இருக்கு."

"பொது எண்ணால பிரிக்க ஏலாட்டி அதுதானே சிறியது, ரீச்சர்? நாலு, மூண்டு, ஒண்டு, நாலு. இதை எதால பிரிக்கப் போறீங்க?"

பிரிக்க இயலவில்லை.

"அதோட இன்னொண்டு இருக்கு" என்று நிஸா நீலச் சோடிகளைச் சுட்டினார். "நாலு குளோரேற்றைத்தான் ரெண்டு தரமும் சூடாக்கினோம். முதல்தரம் வந்தது ரெண்டு பங்கு ஒட்சிசன். அடுத்த தரம் நாலு பங்கு. ஒரே சாமானைச் சூடாக்கி ஒரு நாளைக்கு இவ்வளவு காற்று, இன்னொரு நாளைக்கு அதில இரண்டு மடங்கு காற்று எண்டா, அது ஒரே பிரிகையா ரீச்சர்?"

"அப்ப எது சரி?"

"எனக்கும் தெரியாது" என்றார் நிஸா. "சோதனை மண்டபத்தில அரை மணித்தியாலம் இதுக்குள்ளதான் கிடந்தனான். கேள்வியில என்னமோ இருக்கு, அல்லாட்டி எனக்குள்ள என்னமோ இருக்கு. எது எண்டு தெரிஞ்சா, படிப்பிக்கிறத விட்டுப்போட்டுப் போனாலும் மனசு ஆறிப் போவன்."

அவர் குரல் அந்தக் கடைசி வாக்கியத்தில் மட்டும் சற்றுத் தாழ்ந்தது. லாபிர் மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் சொன்னார்:

"எனக்கு ஒண்டு தோணுது ரீச்சர், சிரிக்கப்படாது. பாதையால நூறு சனம் கிண்ணியாவில இறங்குது. கொஞ்சம் கிண்ணியாவில நிக்கும், மிச்சம் மூதூருக்குப் போகும். ரெண்டையும் கூட்டினா நூறு வரும். ஆனா, எத்தினை பேர் எந்தப் பக்கம் எண்டு துறையில கயிறு இழுக்கிறவனைக் கேட்டா அவன் என்னத்தைச் சொல்லுவான்? எதைச் சொன்னாலும் கூட்டினா நூறுதானே."

"நானாவுக்கு எல்லாத்துக்கும் பாதைதான்" என்று நிஸா சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். நான் சிரிக்கவில்லை. லாபிர் கூறியது எங்கோ பொருந்துவது போலவும் எங்கே என்று பிடிபடாதது போலவும் இருந்தது. ஒரு கிழமை தவணை தருமாறு கேட்டு அவர்களை அனுப்பிவைத்தேன். மாத முடிவுக்கு அப்போது ஆறு நாள்கள் இருந்தன.

அவர்கள் சென்ற பின்னர் நான் பொத்தான்களைப் பெட்டியில் இடவில்லை. மதிய உணவையும் ஒத்திவைத்துவிட்டு, ஆறு குளோரேற்றுக்களை அமைத்தேன். நான்கு குளோரைட்டு, இரண்டு பரகுளோரேற்று, ஐந்து சோடி ஒட்சிசன். பொருந்தியது. எட்டு அமைத்தேன். அதிலும் புதியதொரு விடை பொருந்தியது. பத்து அமைக்கப் பொத்தான்கள் போதவில்லை. தாளை எடுத்தேன். தாளில் விடைகள் முடிவின்றி வந்துகொண்டிருந்தன. வேறும் உண்டு என்று அந்தப் பெண் எழுதியது மட்டுமே அவருடைய விடைத்தாளில் ஐயமற்ற வாக்கியமாக நின்றது.

பிழை முறையில் உள்ளதோ என்று ஐயுற்று, பாடநூலின் பயிற்சிகளுக்குத் திரும்பினேன். கல்சியம் காபனேற்றைப் பிரித்தேன், ஒரே விடை. இரசவொட்சைட்டைப் பிரித்தேன், ஒரே விடை. ஈயநைத்திரேற்று என்னை முக்கால் மணி நேரம் அலைக்கழித்தது. ஆயினும், இறுதியில் அதுவும் ஒரே விடைக்கு வந்து அடங்கியது. நூலில் இருந்த பதினெட்டுப் பயிற்சிகளும் ஒழுங்காக நடந்துகொண்டன. என் வினாத்தாளின் ஏழாம் வினா மட்டும் நடந்துகொள்ளவில்லை. இயற்கையிலேயே ஒழுங்கற்ற பொருள் ஒன்று உண்டோ, அதைத் தம்பிராசா வேண்டுமென்றே எங்களைச் சோதிக்கத் தந்தாரோ என்றெல்லாம் எண்ணினேன். முப்பத்தொரு ஆண்டுகளில் நான் ஒரு கணக்கின் முன்னே அவ்வாறு திகைத்து இருந்ததில்லை.

அதன் பின்னரே அலுமாரியைத் திறந்து தம்பிராசாவின் கையெழுத்துத் தாளை எடுத்தேன்.

அவருடைய ஏழாம் வினா ஒரு வரியன்று. இரண்டு வரிகள். முதல் வரியில், மங்கனீசீரொட்சைட்டு ஊக்கியுடன் வெப்பமேற்றியபோது பொற்றாசியம் குளோரேற்றிலிருந்து குளோரைட்டும் ஒட்சிசனும். இரண்டாம் வரியில், ஊக்கியின்றி மெதுவாக வெப்பமேற்றியபோது அதே குளோரேற்றிலிருந்து பரகுளோரேற்றும் குளோரைட்டும். வரி ஒன்றுக்கு ஐந்து புள்ளிகள். இரண்டையும் சமப்படுத்துக என்று கேட்டிருந்தார்.

அப்போது எனக்கு நினைவு வந்தது. தட்டச்சுப் பொறியில் வெட்டும் ஸ்ரென்சில் தாள் அந்த ஆண்டில் கிடைப்பது அரிதாக இருந்தது. சங்கத்திடம் ஒன்றுதான் இருந்தது. வினாத்தாள் முழுவதும் அந்த ஒரு தாளில் அடங்க வேண்டியிருந்தது. இரண்டு வரிகள் மிகையாக இருந்தன. இடப்பக்கத்தில் ஒரே பொருள் இரண்டு தடவை எழுதப்பட்டிருப்பதையும், வலப்பக்கத்தில் குளோரைட்டு இரண்டு தடவை வருவதையும் கண்டேன். வீட்டுச் சாமான் பட்டியலில் ஒரே பொருள் இரண்டிடத்தில் வந்தால் ஒன்றாக்கி எழுதுவது எனக்கு வழக்கம். அவ்வாறே, குளோரேற்றை ஒரு தடவையும் குளோரைட்டை ஒரு தடவையும் எழுதி, இரண்டு வரிகளையும் ஒன்றாக்கினேன். இடம் மிச்சமாயிற்று. தாளும் அழகாக இருந்தது.

தவறு எங்கே நடந்தது என்பது அதனால் தெரிந்துவிட்டது. ஆனால், அது ஏன் தவறு என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. முதல் வரி உண்மை. இரண்டாம் வரி உண்மை. உண்மையான இரண்டைச் சேர்த்தால் உண்மையல்லாத ஒன்று எவ்வாறு பிறக்கும்? அன்று பிற்பகலே தம்பிராசாவுக்குக் கடிதம் எழுதினேன். கண்கள் கட்டப்பட்டிருக்கும் ஆதலால், வாசித்துக் காட்டி மறுமொழி எழுதுமாறு அவருடைய மகள் புஸ்பராணிக்கும் ஒரு குறிப்பு இணைத்தேன்.

மறுநாட் காலை செயலாளரிடம் சென்று நடந்ததைக் கூறினேன். யோகலிங்கம் அப்போது கோவைகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார்.

"ரீச்சர், கடிதம் போட்டாச்சு. போட்ட கடிதத்தைத் திருப்பி எடுக்கிறதுக்குத் தபாற்கந்தோர் என்ன உங்கட அலுமாரியோ?"

"பிழை என்னுடையது, யோகலிங்கம். அந்தப் பிள்ளையின்ர பிழை இல்லை."

"ஓம், ஓம், விளங்குது. ஆனா, அந்தப் பிள்ளையும் பிழை விட்டதுதானே? ஒரு விடை எழுதச் சொன்னா ஒரு விடை எழுத வேணும். விதி விதிதானே, ரீச்சர்? நீங்களே நூறுதரம் சொன்னனீங்கள். மூண்டு நிமிசம் பிந்தி வந்தனான் எண்டு போன வருசம் என்னைக் கூட்டக் குறிப்பில ஏத்தினனீங்களே."

"அது ஐந்து நிமிசம்."

"சரி, ஐந்து. இப்ப தம்பலகாமத்தாரிட்டைக் கடிதத்தைத் திருப்பிக் கேட்டா எங்கட ஆக்கள் என்ன கதைப்பினம்? திருப்பிக் கேக்காமல் விட்டா கிண்ணியா ஆக்கள் என்ன கதைப்பினம்? ரெண்டு பக்கமும் எனக்குத்தான் ஏச்சு. இந்தக் குளோரேற்றை என்னத்துக்குத்தான் கண்டுபிடிச்சாங்களோ."

"விதி, விடை ஒன்றாக இருக்கிற வினாவுக்குத்தான் பொருந்தும்" என்றேன். இதைச் சொன்ன பின்னர்தான் நான் அதை நம்புவதை உணர்ந்தேன். எனினும், அது முழுவதும் சரியா என்ற ஐயமும் உடன் எழுந்தது. விடைகள் பல உள்ள வினாவிலும் ஒன்றை எழுதிவிட்டு அமைதியாக இருப்பது கீழ்ப்படிவு அல்லவா? கீழ்ப்படிவுக்குப் புள்ளி இடுவது பிழையா?

மே 31 ஆம் திகதி தபாலில் மறுமொழி வந்தது. புஸ்பராணியின் கையெழுத்தில் இவ்வளவே இருந்தது: "ஐயா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அவை இரண்டும் தனித்தனி இரசாயனத் தாக்கங்கள். ஒன்று எவ்வளவு நடக்கும், மற்றது எவ்வளவு நடக்கும் என்பது வெப்பத்தையும் ஊக்கியையும் பொறுத்தது; எண்ணிப் பார்த்து அறிய இயலாது. தலைவி அவர்கள் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு தடவை எடுத்துக் கூட்டியதால் இரண்டு, ஒன்று, ஒன்று, ஒன்று வந்தது. முதலாவதை நான்கு தடவையும் மற்றதை ஒரு தடவையும் எடுத்துக் கூட்டியிருந்தால் அந்தப் பிள்ளையின் விடை வந்திருக்கும். இரண்டையும் ஏன் சேர்த்தீர்கள் என்று ஐயா கேட்கிறார்."

பொத்தான்களால் சரிபார்க்க இயலவில்லை, தாளில் பார்த்தேன். முதல் வரி: இரண்டு குளோரேற்றிலிருந்து இரண்டு குளோரைட்டும் மூன்று ஒட்சிசனும். இரண்டாம் வரி: நான்கு குளோரேற்றிலிருந்து மூன்று பரகுளோரேற்றும் ஒரு குளோரைட்டும். கூட்டினால் ஆறுக்கு மூன்று, மூன்று, மூன்று. மூன்றால் பிரித்தால் என் அழகிய விடை. முதலாவதை நான்கு தடவை எடுத்துக் கூட்டிப் பிரித்தபோது நான்கு, மூன்று, ஒன்று, நான்கு வந்தது. கருவாட்டு வியாபாரி கூறிய நூறு சனம் எங்கே பொருந்துகிறது என்பது அப்போது தெரிந்தது. ஆனால், அரைவாசிதான் தெரிந்தது. குழாய்க்குள் சூடேறும் ஒரு பொருளுக்கு எந்த வழியால் எவ்வளவு போவது என்று யார் கூறுகிறார்கள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

யூன் 1 ஆம் திகதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரையும் மண்டபத்துக்கு அழைத்திருந்தேன். வாக்குக் கொடுத்த மாதம் முடிந்துவிட்டது. ஆயினும் நிஸா வந்திருந்தார்; அவருடன் வந்த லாபிர் வெளி விறாந்தையில் இருந்தார். கமலாதேவி நியமனக் கடிதத்தைக் கையில் வைத்திருந்தார். எதற்காக அழைக்கப்பட்டார் என்பது அவருக்குத் தெரியாது. வினாத்தாளை நான் எவ்வாறு பிழையாக்கினேன் என்பதை இருவருக்கும் தொடக்கத்திலிருந்து எடுத்துரைத்தேன். எழுதி வைத்து வாசித்தேன். அல்லாவிட்டால் வரிசை குழம்பிவிடும் என்று அஞ்சினேன்.

"ரீச்சர், ஒண்டு சொல்லட்டோ?" என்றார் கமலாதேவி. "எனக்கு முதல் வந்தது நாலு, மூண்டு, ஒண்டு, நாலுதான். பிறகு சின்னதா இன்னொண்டு வந்தது. ரெண்டு வந்தா நான்தான் எங்கயோ பிழை விட்டிருக்கிறன் எண்டு பயந்து, முதல் எழுதினதை இறேசரால அழிச்சுப்போட்டன். தாளைத் தூக்கி வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ, அடையாளம் இருக்கும்."

யோகலிங்கம் கோவையிலிருந்து தாளை எடுத்துச் சன்னலுக்கு நேரே பிடித்தார். அடையாளம் இருந்தது.

"அழிக்காமல் விட்டிருந்தா?" என்று கமலாதேவி கேட்டார்.

"உங்களுக்கும் புள்ளி இட்டிருக்க மாட்டன்" என்றேன்.

நிஸா அவரைப் பார்த்து, "உங்களுக்கும் வந்ததா?" என்றார். அவர் முகத்தில் அப்போது தோன்றிய நிம்மதி, பதவி கிடைப்பதால் வரும் நிம்மதியைப் போன்றதன்று.

"வந்தது. மூண்டு நாளா நித்திரையில கூட வந்தது."

"எனக்கு அவிச்ச முட்டையில வந்தது."

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பங்குகொள்ள எங்கள் இருவருக்கும் உரிமை இருக்கவில்லை. யோகலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சிரிப்பு அடங்கிய பின்னர் கமலாதேவி கையிலிருந்த கடிதத்தை மேசையில் வைத்தார். ஆனால் கையை அதிலிருந்து எடுக்கவில்லை.

"இதைத் திருப்பித் தர வேணுமோ, ரீச்சர்?"

"ஓம்."

"எங்கட ஐயா இதுக்குச் சட்டம் போட்டுச் சுவரில மாட்ட வேணும் எண்டு நிண்டவர். நல்லகாலம், கண்ணாடி வெட்டுற கடை பூட்டிக் கிடந்தது." கையை எடுத்தார். "நான் பிழையா ஒண்டும் எழுதேல்லைத்தானே?"

"நீங்கள் எழுதினதில பிழை இல்லை."

"அப்ப சரி" என்றார். சரி இல்லை என்பது நால்வருக்கும் தெரிந்தது. அதற்கு மேல் நான் கூறக்கூடிய வாக்கியங்கள் எல்லாம் முதல் பாதி உண்மையாகவும் இரண்டாம் பாதி ஆறுதலாகவும் இருந்தன.

இருவரையும் வெளி விறாந்தையில் இருக்கச் செய்துவிட்டு யோகலிங்கமும் நானும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கலந்தாலோசித்தோம். அனுப்பிய நியமனம் அனுப்பியதே என்பது அவருடைய நிலைப்பாடு; ஏழாம் வினாவை நீக்கிப் புள்ளிகளை மீளக் கூட்ட வேண்டும் என்பது என்னுடையது. இருவருக்கும் பத்துப் புள்ளிகள் இட்டுவிடலாமா என்றும் ஆராய்ந்தோம். விடையற்ற வினாவுக்குப் புள்ளி இடுவது, பிழையை இரண்டாம் தடவை செய்வதாகும் என்று அதைக் கைவிட்டோம். தம்பிராசா கண்டியில் இருந்ததால் வாக்குகள் சமமாக நின்றன. தலைவிக்குரிய மேலதிக வாக்கை நான் பயன்படுத்தினேன். பிழை செய்தவளே தீர்ப்பு வாக்கையும் அளிப்பது முறையா என்று யோகலிங்கம் கேட்டார். நியாயமான கேள்வி அது. விதிகளில் அதற்கு ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை.

இறுதியில் தீர்மானிக்கப்பட்டவை இவை. வினாத்தாளின் ஏழாம் வினா முற்றாக நீக்கப்பட்டது. எஞ்சிய தொண்ணூறு புள்ளிகளில் செல்வி நஜ்முன் நிஸா அறுபத்தெட்டும் செல்வி கமலாதேவி அறுபத்து நான்கும் பெற்றதாகப் பதியப்பட்டது. மே 20 ஆம் திகதிய நியமனக் கடிதம் மீளப் பெறப்பட்டது. யூன் 10 ஆம் திகதி, திங்கட்கிழமை முதல் கிண்ணியாப் பாடசாலைக்கு நஜ்முன் நிஸா விஞ்ஞான ஆசிரியையாக நியமிக்கப்பட்டார். அவருடைய வீட்டாருக்கு அன்றே லாபிர் கையில் கடிதம் கொடுத்தனுப்பப்பட்டது. அடுத்து ஏற்படும் வெற்றிடத்துக்குப் பரீட்சையின்றிக் கமலாதேவியை எடுப்பது என்றும், அது எப்போது ஏற்படும் என்பதற்குச் சங்கம் உறுதி தர இயலாது என்றும் எழுதப்பட்டது. பிழை தலைவியால் நேர்ந்தது என்பதும், செயலாளர் தீர்மானத்துடன் உடன்படவில்லை என்பதும் குறிப்பில் சேர்க்கப்பட்டன. விஞ்ஞான வினாத்தாள்களை இனி நான் ஒழுங்குபடுத்துவதில்லை என்றும் தீர்மானிக்கப்பட்டது. அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவள் நானே, வழிமொழிந்தவர் யோகலிங்கம். கூட்டம் பகல் பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்கு முடிவுற்றது.